சட்டம் கேளுங்கள்: பூட்டை மாற்றிய வீட்டுக்காரர்

கேள்வி: கல்லடியில் 2 வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருந்தோம். முத்திரை ஒட்டிய தாளில் சாட்சி வைத்து எழுதியது. 8 மாதத்தில் வீட்டுக்காரர், மகளுக்கு வீடு வேண்டுமென்று பூட்டை மாற்றிவிட்டார். சாமானெல்லாம் உள்ளே. பொலிஸில் 'இது சிவில் பிரச்சினை' என்கிறார்கள்.
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: முதலில் நாளை எண்ணுங்கள். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் 2 மாதத்துக்குள் ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போனால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 68(3) பிரிவின்படி வீட்டை மீண்டும் உங்கள் கையில் கொடுக்கும்படி கட்டளை பெறலாம். பொலிஸ் வழக்குப் போடாவிட்டாலும், 66ஆம் பிரிவின் கீழ் நீங்களே சட்டத்தரணி மூலம் சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து எழுதும் வாக்குமூலம்) தாக்கல் செய்யலாம். வீடு யாருக்குச் சொந்தம் என்பது அங்கே பேச்சில்லை. யார் குடியிருந்தார் என்பதே கேள்வி.

பலருக்குக் கை நழுவுவது பொலிஸ் முறைப்பாட்டில்தான். 'வீட்டுக்காரருடன் வாக்குவாதம்' என்று மட்டும் எழுதிவிட்டு வருவார்கள். பூட்டு மாறிய திகதி, உள்ளே உள்ள சாமான், அடிதடி வரும் என்ற அச்சம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். அமைதிக் குலைவுக்கு இடமில்லை என்றால் இந்தப் பிரிவே பொருந்தாது. முறைப்பாட்டுப் பிரதி, வாடகைப் பற்றுச்சீட்டு, ஜிஎஸ்ஸின் (கிராம சேவகரின்) வதிவிடச் சான்று, புதுப் பூட்டின் படம் ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள். சமரசம் பேசலாம் என்று 3 மாதம் இழுத்தடித்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

இனி உங்கள் தாள். முத்திரை ஒட்டினால் உறுதிப்பத்திரமாகிவிடும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை! 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். ஆகவே 2 வருடம் நிற்காது. ஆனால் வாடகை வாங்கியதால் நீங்கள் மாத வாடகையாளர்: வீட்டுக்காரர் ஒரு மாத அறிவித்தல் தர வேண்டும், அதன்பிறகும் நீங்கள் போகாவிட்டால் அவர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: அம்பாறை மாவட்டத்தில் கணவர் பேரில் அரச அனுமதிப்பத்திரக் காணி. அவர் இறந்து 4 மாதம். பின்னுரித்தாளர் (அவருக்குப் பின் காணியைப் பெறுபவர்) பெயர் எழுதவில்லை. மைத்துனர் காணியைக் கேட்கிறார்.

பதில்: மனைவியான உங்களுக்கே முதல் உரித்து. ஆனால் அவர் இறந்து 6 மாதத்துக்குள் நீங்கள் காணியில் இருக்க வேண்டும். பிள்ளை வீட்டில் தங்கிவிட்டால் அதுவே எதிராகும். மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பத்திரத்துடன் இந்த வாரமே பிரதேச செயலகத்துக்குப் போங்கள். உங்கள் உரித்து ஆயுளுக்கு மட்டும், விற்க முடியாது.

சீதனமாகப் பெண்ணுக்கு வீடு கொடுக்கிற இடத்தில், இத்தகைய காணிக்கான காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நெடுங்காலம் வாரிசு வரிசையில் மகனையே முன்வைத்தது. 2022 திருத்தம் அதை மாற்றியது. கணவர் உயிரோடிருக்கும் மற்றப் பெண்கள் கவனிக்க: பின்னுரித்தாளர் நியமனம் அவர் இறக்கும் முன் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருந்தால்தான் செல்லும்.