கல் எந்தச் சுரங்கத்துக் கல்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். கோவையில் ஒரு கடையில் வைரத்தோடு பார்த்து வைத்திருக்கிறோம். “ரத்த வைரம்னா எனக்கு வேண்டாம்ப்பா” என்கிறாள் மகள். கடைக்காரரோ “சர்டிபிகேட் இருக்கு சார், பயப்படாதீங்க” என்கிறார். நம்பலாமா?

பதில்: உங்கள் மகள் கேட்டது ஒன்று, கடைக்காரர் பதில் சொன்னது வேறொன்றுக்கு. அவர் காட்டியது தர அறிக்கை. ஜிஐஏ, ஐஜிஐ போன்ற பரிசோதனைக் கூடங்கள் தருவது. எத்தனை கேரட், என்ன நிறம், உள்ளே புள்ளி உண்டா, வெட்டு எப்படி என்று சொல்லும். எந்த நாட்டுச் சுரங்கம், யார் தோண்டினார்கள் என்பது வழக்கமாக அதில் இருக்காது.

போருக்குக் காசு கொடுக்கும் வைரத்தைத்தான் ரத்த வைரம் என்கிறார்கள். அதைத் தடுக்கப் பல நாடுகள் சேர்ந்து கொண்டுவந்தது கிம்பர்லி ஏற்பாடு. சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த போரில் கலகக்காரர்கள் வைரத்தை விற்றுத் துப்பாக்கி வாங்கினார்கள். ஊர் ஊராகப் போய் சாதாரண மக்களின் கைகளை வெட்டினார்கள். அங்கோலாவிலும் வைரக்காசு போருக்குத்தான் போனது. அதன்பிறகு 2003 ஜனவரி முதல், பட்டை தீட்டாத கல் எல்லை தாண்டும்போது சீல் வைத்த பெட்டியும் அரசுச் சான்றும் வேண்டும் என்றானது. இந்தியாவும் இதில் உறுப்பினர். ஆனால் கல்லைப் பட்டை தீட்டியதும் அந்தச் சான்றின் வேலை முடிந்துவிடுகிறது. உங்கள் மகளின் தோட்டுக்குக் கிம்பர்லி சான்று என்று தனியாக ஒன்று கிடையாது. பில்லில் வந்தால், வியாபாரிகள் ஒருவர் மாற்றி ஒருவர் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி வரி மட்டும் வரும்.

அந்தச் சான்றும் எல்லாக் கொடுமையையும் பார்ப்பதில்லை. அரசாங்கத்தை எதிர்த்துச் சண்டை போடுகிறவர்களுக்குக் காசு போனால்தான் அதன் கணக்கில் குற்றம். அரசின் படையே சுட்டால்? ஜிம்பாப்வேயின் மராங்கே வயல்களில் தோண்டிப் பிழைத்த ஏழைகளை 2008-இல் ராணுவம் சுட்டுக் கொன்றது. 2011-இல் அந்த வயல்களின் வைரத்துக்கு ஏற்றுமதி அனுமதி கிடைத்தது. இந்த ஏற்பாடு உருவாகப் பாடுபட்ட குளோபல் விட்னஸ் அமைப்பு அந்த டிசம்பரிலேயே வெளியேறிவிட்டது. 2019-இல் இந்தியா தலைமை ஏற்றபோது புதுதில்லியில் கூடி விதியை விரிவாக்கப் பேசினார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்பது அங்கே முறை. முடிவு வரவில்லை. எனக்கு இது ஆறாத கோபம்.

உங்கள் தேயிலையையே நினைத்துப் பாருங்கள். காலையில் பறித்த பச்சை இலை, பையில் கட்டி ரோட்டோரம் வைத்திருக்கும்வரை உங்கள் இலை. எடை போட்டு வண்டியில் ஏற்றி, பேக்டரியில் வாட்டுகிற தொட்டியில் இன்னும் பத்து ஊர் இலையோடு கொட்டியபின் எது உங்களுடையது? குன்னூர் ஏலத்தில் அந்தத் தூளை எடுப்பவருக்கு உங்கள் தோட்டம் தெரியுமா? உலக வைரத்தில் பத்துக்கு ஒன்பது இந்தியாவில், பெரும்பாலும் சூரத்தில்தான் பட்டை தீட்டப்படுகிறது. அங்கும் பொடிக்கற்கள் நாடு பார்க்காமல் கலந்து, சல்லடையில் அளவு வாரியாகப் பிரிந்து போகின்றன. அதனால் பொடிக்கல் நெருக்கிக் கட்டிய தோட்டில் பூர்வீகம் தேடுவது கடினம். ஒற்றைக்கல் தோடு என்றால் வழி உண்டு.

உங்கள் கடிதம் வந்தபின் நானே ஒரு கடைக்குப் போய்க் கேட்டேன். விற்பனைப் பெண் அரை கேரட் கல்லை இடுக்கியில் பிடித்து லென்ஸை என் கண்ணில் வைத்தார். கல்லின் இடுப்பு விளிம்பில், தலைமுடியைவிடச் சன்னமாக, லேசரில் பொறித்த எண். அறிக்கையிலும் அதே எண். “இது எந்த நாட்டுக் கல்லம்மா?” என்றேன். உள்ளே போய்ப் போன் பேசிவிட்டு வந்து, “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க சார்” என்றார். மூன்றாம் நாள் போனில் பதில் வந்தது: போட்ஸ்வானா.

நீங்களும் கேளுங்கள். போட்ஸ்வானாவா, கனடாவா, நம் மத்தியப் பிரதேசத்துப் பன்னாவா என்று கேட்டு, நாட்டின் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடை. உக்ரைன் போருக்காக ஜி7 நாடுகள் 2024-இல் ரஷ்ய வைரத்துக்குத் தடை போட்டபின், அங்கே போகும் பெரிய கற்களுக்கு எங்கிருந்து வந்தது என்று ஆவணம் காட்ட வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுக்காரர் கேட்டால் தேடி எடுக்கிற காகிதத்தைக் கோத்தகிரிக்காரர் கேட்டாலும் எடுக்கட்டும்.

கேள்வி: ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையாமே? (குன்னூர் வாசகி)

பதில்: அதுவும் அசல் வைரம்தான், அதே கார்பன். சுரங்கச் சண்டை அதில் இல்லை. கரண்ட் மட்டும் நிறையச் செலவாகும். அது நிலக்கரி கரண்டா, சூரிய ஒளி கரண்டா என்று பார்க்க வேண்டும். காதில் போட்டு அழகு பார்க்கத்தான் என்றால் தாராளமாக வாங்குங்கள். அவசரத்துக்கு விற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தால் வேண்டாம். விலை வருடாவருடம் இறங்கியிருக்கிறது, திரும்ப எடுக்கும் கடையும் குறைவு. கடையில் வைத்துக் காட்டும் சாதாரண டெஸ்டர் பேனா, சுரங்கக் கல்லையும் இதையும் பிரித்துச் சொல்லாது. ‘ஆய்வகத்தில் வளர்த்தது’ என்று பில்லில் இருக்க வேண்டும். மறைத்து விற்றால் 1915-க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். ஹால்மார்க் முத்திரை தங்கம், வெள்ளிக்குத்தான். கல்லுக்கு அது பேசாது.

கேள்வி: ஊட்டியில் இருக்கிறோம். பாட்டியின் ப்ளூ ஜாகர் வைரத்தோட்டை அழித்துப் பேத்திக்குப் புதிதாகச் செய்யலாமா?

பதில்: செய்யுங்கள். புதுக்கல் தோண்ட வேண்டியதில்லை என்பதால் எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஜாகர் என்ற பெயர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்தது. சுரங்கம் 1971-இல் மூடியாயிற்று. ஆனாலும் 2022 செப்டம்பரில் அங்கே சுரங்கக் கழிவைத் தேக்கிய கரை உடைந்து, சேறு வீடுகளுக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது.

ஆசாரியிடம் கொடுக்கும் முன் கற்களை எண்ணி, பிரித்ததும் உங்கள் எதிரிலேயே ஒவ்வொன்றாக எடை போட்டு, சென்ட் கணக்கை (ஒரு கேரட்டுக்கு நூறு சென்ட்) சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழைய தோட்டில் கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும். பிரித்தால்தான் உண்மை நிறமும் விளிம்பில் உடைசல் இருக்கிறதா என்பதும் தெரியும். போனில் படம் எடுத்துக்கொண்டு, திரும்ப வாங்கும்போது அதே சீட்டை வைத்து ஒத்துப் பாருங்கள்.