கை உயர்த்திய அந்த நாள்

கேள்வி: அன்புள்ள ஐயா, பதினேழு வயதில் ஒரு வாலிபர் முகாமில், மிஷனரிப் பணிக்கு என்னை ஒப்புக்கொடுத்துக் கை உயர்த்தினேன். இப்போது எனக்கு வயது 36. பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள், படுக்கையில் இருக்கும் மாமியார், நிலையில்லாத கணவரின் வேலை. அதிகாலை ஜெபம் வாரத்தில் இரண்டு நாள் நடந்தாலே பெரிது. ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால்தான் வீட்டில் இத்தனை நெருக்கமோ என்று பயமாக இருக்கிறது. யோனாவைப்போல் ஓடிக்கொண்டிருக்கிறேனா? வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போய்விடலாமா? போன மாதம், கணவரை இழந்த சக ஆசிரியை ஒருவர், "எனக்காகவும் ஜெபம் பண்ணுங்க" என்றார். என் ஜெபமே இப்படிக் கிடக்கும்போது நான் யாருக்காக ஜெபிக்க?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது இருக்கும்வரை மற்ற எதுவும் காதில் விழாது. கணவரின் வேலைச் சிக்கலும் மாமியாரின் நோயும் உங்கள் கடனை வசூலிக்க ஆண்டவர் அனுப்பியவை அல்ல. பிறவிக் குருடனைப் பார்த்து, இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. யோனாவோடு உங்களை ஒப்பிடவும் வேண்டாம். அந்தத் தீர்க்கதரிசிக்குப் போகவேண்டிய ஊரின் பெயரையே ஆண்டவர் சொல்லியிருந்தார். அந்த ஊர்க்காரர்கள் பிழைத்துவிடக்கூடாது என்பதற்காக அவன் எதிர்த்திசையில் கப்பல் ஏறினான். உங்களுக்கு எந்த ஊரும் சொல்லப்படவில்லை, நீங்கள் எந்தக் கப்பலும் ஏறவில்லை. எழுந்து நடக்க முடியாத ஒருவரைக் கவனித்துக்கொண்டு வீட்டில்தான் இருக்கிறீர்கள்.

சரி, அந்த அர்ப்பணிப்பு? அதை லேசாகச் சொல்லிவிட எனக்கு மனமில்லை. பதினேழு வயதில் கண்ணீரோடு உயர்த்திய கை ஆண்டவருக்கு அருமையானது. ஆனால் அன்று நீங்கள் சொன்னது, "ஆண்டவரே, என்னை உபயோகியும்" என்பதுதானே? எங்கே, எப்போது, எப்படி என்பதை அவர் கையில் விட்டதற்குப் பெயர்தான் ஒப்புக்கொடுத்தல். மாற்கு 5-இல் பிசாசு பிடித்திருந்து விடுதலையான மனிதன், இயேசுவோடு படகில் வர அனுமதி கேட்டு வேண்டிக்கொள்கிறான். அவனுக்குக் கிடைத்த பதில், உன் வீட்டுக்குப் போய் உன் இனத்தாரிடம் சொல் என்பது. அவன் தெக்கப்போலி நாடெங்கும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதே சுவிசேஷத்தின் 7-ஆம் அதிகாரத்தில் இயேசு அந்தப் பகுதிக்குத் திரும்பி வரும்போது, ஜனங்களே ஒரு செவிடனைக் கொண்டுவந்து, அவன்மேல் கைவைக்கும்படி அவரை வேண்டிக்கொள்கிறார்கள். முதல் தடவை, எங்கள் எல்லையை விட்டுப் போய்விடும் என்று அவரைக் கெஞ்சிய பகுதி அது. நடுவில் என்ன நடந்தது என்று மாற்கு விளக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்த ஒருவனின் வாய்ச்சொல்லுக்கு இதில் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

அடுத்தது, உங்களை அதிகம் வாட்டுகிற அதிகாலை ஜெபம். அதை ஆண்டவருக்குக் கட்டவேண்டிய தவணை மாதிரி நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தவறிய நாள்கள் நிலுவையாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். ஜெபிக்காத நாளில் ஆண்டவரை ஏறெடுத்துப் பார்க்கவே கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தில் அடுத்த நாளும் போய்விடும்.

மாற்கு 1:35-ஐக் காட்டித்தான் நம்மை அதிகாலையில் எழச் சொல்வார்கள். இருட்டோடே எழுந்து, வனாந்தரமான ஓரிடத்தில் இயேசு ஜெபித்தார் என்ற வசனம். தயவுசெய்து அதோடு நிறுத்தாமல் 38-ஆம் வசனம்வரை வாசியுங்கள். முந்தின நாள் மாலை ஊரே வாசலில் கூடியிருந்தது. காலையில் சீமோன் தேடி வந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார். இயேசுவோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்கிறார். எல்லாரும் கூப்பிடுகிற பக்கம் போகாமல், பிதா அனுப்புகிற பக்கம் போகும் தெளிவு அவருக்கு அந்த இருட்டில் கிடைத்திருக்கிறது. ஜெபநேரம் அதற்குத்தான். இன்று நான் யாரிடம் போகவேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடம் அது. அதற்கு அதிகாலைதான் வேண்டும் என்றும் இல்லை. மாமியார் உறங்கிய பிறகு கிடைக்கும் பத்து நிமிடம் போதும். ஒரே சுவிசேஷத்தை எடுத்துத் தினம் ஒரு பத்தி வாசியுங்கள். தவறிய நாளைக் கணக்கில் வைக்காமல், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

தனியாகவும் இழுக்க வேண்டாம். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில், 1727 ஆகஸ்ட் மாதம், மொராவியச் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் ஓர் ஏற்பாடு செய்தார்கள். 24 ஆண்களும் 24 பெண்களும் நாளின் மணிநேரங்களைத் தங்களுக்குள் பங்கிட்டு, ஆளுக்கு ஒரு மணிநேரம் ஜெபிக்க முன்வந்தார்கள். பெரும்பாலும் கைத்தொழில் செய்து பிழைத்தவர்கள். அகதிகளாக வந்து குடியேறியவர்கள் பலர். அந்த ஜெபச் சங்கிலி நூறு ஆண்டுகளுக்கும் மேல் அறுபடாமல் ஓடியது. அது ஓடியதற்குக் காரணம், முழு நாளையும் யாரும் ஒற்றை ஆளாகச் சுமக்கவில்லை என்பதுதான். ஐந்தே ஆண்டில், 1732-இல், அவர்களில் ஒரு குயவரும் ஒரு தச்சரும் கரீபியன் தீவு ஒன்றில் இருந்த அடிமைகளிடம் சுவிசேஷம் சொல்லப் புறப்பட்டார்கள். சபையில் ஒரு தோழியைப் பிடித்து, நாளில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அவரவர் வீட்டிலிருந்தே ஒருவருக்காக ஒருவர் ஜெபியுங்கள்.

வேலையை விடுவது பற்றி: இப்போது வேண்டாம். குற்ற உணர்வு தள்ளி எடுக்கும் முடிவை அழைப்பு என்று நம்பி, பாதியில் நொறுங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போஸ்தலர் 13-இல் பவுலையும் பர்னபாவையும் ஊழியத்துக்கென்று பிரித்துவிடும்படி ஆவியானவர் சொன்னபோது, அந்தியோகியாவில் ஆராதித்துக்கொண்டிருந்த ஒரு குழுவே அங்கே இருந்தது. அவர்கள் உபவாசித்து, கைவைத்து அனுப்பினார்கள். உங்களுக்கும் ஒரு நாள் அழைப்பு வரலாம். வந்தால் உங்கள் கணவரும் போதகரும் உங்களை அறிந்த விசுவாசிகளும் அதை உணர்வார்கள். அதுவரை காத்திருப்பது கீழ்ப்படியாமை அல்ல.

கணவரின் வேலைக்கு நாளை என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து தந்த மன்னா என்ற உணவை அன்றன்றைக்குத்தான் சேர்க்கச் சொன்னார் கர்த்தர். மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்து நாறிற்று. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பாய்ச் சேர்க்கச் சொன்னார், அது கெடவில்லை. அதனால் திட்டமிடுவதும் சேமிப்பதும் அவிசுவாசம் இல்லை. இருவரும் உட்கார்ந்து, அடுத்த சில மாதச் செலவுக்கு என்ன வழி என்று தாளில் எழுதுங்கள். அப்புறம் அந்தத் தாளின்மேல் கைவைத்துச் சேர்ந்து ஜெபியுங்கள். உங்கள் அச்சத்தை அவரிடமும், அவருடைய அவமானத்தை உங்களிடமும் மறைக்காமல் ஜெபியுங்கள்.

கடைசியாக அந்தச் சக ஆசிரியை. கடிதத்தில் அவரைப் போகிறபோக்கில் சொல்லி முடித்துவிட்டீர்கள். துக்கத்தில் இருக்கும் ஒருவர், அத்தனை பேர் நடுவில் உங்களைத் தேடி வந்து ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார். உங்கள் ஜெபநேரம் ஒழுங்காக இருக்கிறதா என்று அவர் விசாரிக்கவில்லை. பதினெட்டு, பத்தொன்பது ஆண்டுகளாக எந்த ஊர், எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நாளை இடைவேளையில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் கணவரைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பேசி முடித்ததும், "இப்பவே ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேளுங்கள்.