தறிச் சத்தம் தின்ற காதோடு தொண்டுக்குப் போகலாமா?

கேள்வி: அப்பா பட்டாளத்தில் இருந்தவர். பிறகு 30 வருடம் ஆலையில் தறி ஓட்டினார். ஓய்வுக்குப் பின் நூலகத்தில் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தரப் போகிறார். ‘எல்லாம் முணுமுணுக்குதுங்க’ என்று சலித்துக்கொண்டு திரும்புகிறார். நிறுத்திவிடச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். பிள்ளைகள் சரியாகத்தான் பேசுகிறார்கள். நாடாத் தறிக்கூடத்தில் சத்தம் 100 டெசிபலைத் தொடும். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது கணக்கு. 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான்! அதற்கு முன்பே துப்பாக்கி தன் பங்கை முடித்திருக்கும். வலது தோளில் வைத்துச் சுட்டவர்களுக்குப் பெரும்பாலும் இடது காதுதான் கூடுதலாகக் கெட்டிருக்கும். குழல்முனைக்கு அதுதான் பக்கம்.

இந்தச் சேதம் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது உயர்ந்த சுருதி ஒலிகளில், தொடங்கும். உயிரொலிகள் கேட்கும், ச, த, க போன்ற சன்னமான வல்லின ஒலிகள் நழுவும். ஆள் பேசுவது கேட்கிறது, சொல் பிடிபடவில்லை. பிள்ளைகளின் கீச்சுக்குரலில் இது இன்னும் மோசம். கத்திப் பேசினாலும் பயனில்லை, உயிரொலிதான் பெருகும்.

முதலில் காதுக்குறும்பியை எடுத்துவிட்டு இரண்டு காதுக்கும் ஆடியோமெட்ரி (கேட்கும் திறன் சோதனை) பாருங்கள். நூலகத்தில் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை, ஒரு மீட்டர் தூரம், நல்ல காதுப் பக்கம். வெளிச்சம் பிள்ளையின் முகத்தில் விழ வேண்டும். ஜன்னல் பிள்ளையின் முதுகுப்பக்கம் இருந்தால் உதடு இருட்டிவிடும். தறிக்கூடத்தில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவருக்கு அது பெரிய முதல். காதுக்கருவி வாங்கினால் அவருடைய அளவுக்குச் சரிசெய்து தருவதையே வாங்குங்கள். எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகப் பெருக்கும் மலிவுக் கருவி இரண்டே நாளில் மேசை டிராயருக்குப் போய்விடும். முதல் வாரங்களில் அமைதியான அறையில் தினம் சில மணி நேரம் போட்டால் போதும்.

கேள்வி: ஆலையில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் இருந்த மாமாவுக்கு வார விடுப்பு முடிந்து போகும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். இப்போது பழைய துணி பிரிக்கும் இடத்தில் தொண்டு செய்கிறார். ஆபத்தா?

பதில்: அந்த ‘முதல் நாள் இறுக்கம்’ பஞ்சுத் தூசி நோயின், அதாவது பிசினோசிஸின், அடையாளம். கச்சாப் பஞ்சின் குப்பையில் வாழும் பாக்டீரியாவின் நச்சுதான் அதில் முக்கியக் குற்றவாளி. துவைத்த துணியில் அது மிகக் குறைவு. ஆனாலும் சுருங்கிப் பழகிய மூச்சுக்குழாய் எந்தத் தூசிக்கும் முரண்டு பிடிக்கும். ஸ்பைரோமெட்ரி (மூச்சுத் திறன் சோதனை) எடுக்கட்டும். மூட்டை உதறுவது, உலர்ந்த தரையைப் பெருக்குவது அவருக்கு வேண்டாம். ஈரத்துணியால் துடைப்பது, மடிப்பது, பட்டன் தைப்பது சரி. கைக்குட்டை கட்டினால் நுண்தூசி நிற்காது; என்95 முகக்கவசம் வேண்டும், அதுவும் தாடி இருந்தால் ஓரத்தில் கசியும்.

கேள்வி: பட்டாளத்துக்காரரான எங்கள் முதிய தொண்டர் எல்லோரையும் அதட்டுகிறார். எப்படிச் சொல்வது?

பதில்: அது அதட்டல்தானா என்று பாருங்கள். உள்காது கெட்டவர்களுக்குத் தங்கள் குரலே சரியாகக் கேட்காது. சத்தம் தானாக ஏறும். முதல் பதிலில் சொன்ன ஆடியோமெட்ரி இவருக்கும் பொருந்தும். பரிசோதனையில் காது நன்றாக இருந்தால், அது அதிகாரம் செய்யும் பழக்கம்தான்; சரக்கறைக் கணக்கையும் ஷிப்ட் பட்டியலையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.