எந்தக் கடனை முதலில் அடைப்பது?

கேள்வி: திண்டுக்கல்லில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு நூல் மில்லில் 27,000 சம்பளம். நான் நர்சரி பள்ளியில் 11,000 வாங்குகிறேன். இரண்டு பிள்ளைகள், மாமியார் எங்களோடு இருக்கிறார். கிரெடிட் கார்டில் 62,000 நிற்கிறது, மாதம் மினிமம் தொகை 3,100 கட்டுகிறோம். பர்சனல் லோன் தவணை 5,400, இன்னும் 20 மாதம் இருக்கிறது. அடகுக்கடையில் இரண்டு சீட்டாக ஐந்து பவுன் இருக்கிறது: இரண்டு பவுனுக்கு 45,000, மூன்று பவுனுக்கு 75,000. ஒன்றரை வட்டி, மாதம் 1,800. தெரிந்தவரிடம் 50,000 மூன்று வட்டிக்கு வாங்கியதில் மாதம் 1,500. வாடகை 6,500. மளிகை, பால், காய்கறி, கேஸ், கரண்ட், போன், பெட்ரோல், மாமியாரின் மருந்து எல்லாம் சேர்த்து 17,500. நகைக்கடைச் சீட்டு 2,000, அதில் ஏழு மாதம் கட்டியாயிற்று. வரவு செலவு நோட்டுப் போட்டேன், மூன்றாவது வாரத்தில் விட்டுவிட்டேன். பாலை ஒரு லிட்டரிலிருந்து அரை லிட்டராகக் குறைத்துப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. இன்னும் எதைக் குறைப்பது?

பதில்: முதலில் பாலை மறுபடி ஒரு லிட்டர் ஆக்குங்கள். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் 17,500-க்குள் மாதம் ஓடுகிறதென்றால் நீங்கள் ஏற்கெனவே சிக்கனமாகத்தான் இருக்கிறீர்கள். பிரச்சினை அடுப்படியில் இல்லை.

உங்கள் கடிதத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். கடனுக்கு மாதம் போவது 11,800. அதில் அசல் உருப்படியாகக் குறைவது பர்சனல் லோனில் மட்டும்தான். அடகுக்கடைக்கும் தெரிந்தவருக்கும் கொடுக்கும் 3,300 வெறும் வட்டி. பத்து வருடம் கட்டினாலும் அந்த 1,70,000 அப்படியேதான் இருக்கும். கார்டைப் பாருங்கள். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வைத்தால் 62,000-க்கு 2,170. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 390. ஆக 2,560 அங்கேயே போய்விடுகிறது. நீங்கள் கட்டும் 3,100-ல் அசலில் கழிவது 540 ரூபாய். அதோடு, பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக அந்தக் கார்டில் வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. தேய்த்த அன்றிலிருந்தே வட்டி ஓடும். கார்டை இன்றைக்கே பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

மூன்று வட்டி என்று சொல்லும்போது சின்னதாகக் கேட்கிறது, இல்லையா? நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36. கார்டு 42, அதற்குமேல் வரி. அடகுக்கடை 18. பர்சனல் லோனுக்கு என்ன சதவீதம் என்று நீங்கள் எழுதவில்லை, பெரும்பாலும் 15-ஐ ஒட்டி இருக்கும். எல்லாக் கடனையும் இப்படி வருட வட்டிக்கு மாற்றி ஒரே தாளில் எழுதினால் எதை முதலில் அடைப்பது என்று யாரையும் கேட்க வேண்டாம்.

சரி, எப்படி அடைப்பது? உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த ஐந்து பவுன். 40 கிராம் தங்கத்தின் மேல் வெறும் 1,20,000 வாங்கியிருக்கிறீர்கள். அதன் மதிப்பு அதைவிட எவ்வளவோ அதிகம். வங்கியிலோ உங்கள் பகுதிக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ நகைக்கடன் கேளுங்கள். அங்கே வட்டி சுமார் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன், விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள். மொத்தம் 2,32,000 வாங்கி அடகுக்கடை, கார்டு, மூன்று வட்டிக்குக் கொடுத்தவர் ஆகிய மூன்று கடனையும் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். இப்போது இந்த மூன்றுக்கும் வட்டியாக மட்டும் 5,860 போகிறது. மாற்றிய பிறகு 1,930-தான் போகும். மாதம் 3,900 மிச்சம்.

நகையை முதலில் அடகுக்கடையிலிருந்து மீட்க வேண்டுமே, அதற்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். இரண்டு சீட்டாக இருப்பது இங்கேதான் உதவுகிறது. சம்பளம் வந்த அன்றைக்கு அந்தப் பணத்தோடு ஒரு ஏழெட்டாயிரம் மட்டும் அண்ணனிடமோ தம்பியிடமோ கைமாற்று வாங்கி, 45,000 சீட்டை வட்டியோடு மீட்டுவிடுங்கள். அந்த இரண்டு பவுனை அன்றே வங்கியில் வையுங்கள். வருகிற பணத்தில் 75,000 சீட்டை மீட்டு, மூன்று பவுனையும் அதே வங்கியில் வைத்துவிடலாம். கைமாற்றுப் பணத்தை அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிடலாம். போவதற்கு முதல் நாளே வங்கிக்கு ஒரு நடை போய், நகை மதிப்பீட்டாளர் எந்த நேரத்தில் இருப்பார், கிராமுக்கு எவ்வளவு தருவார்கள், கட்டணம் என்ன, இடையில் கையில் இருப்பதை அசலில் கட்டலாமா என்று கேட்டு வந்துவிடுங்கள். மதிப்பீட்டாளர் இல்லாத நாளில் சம்பளப் பணத்தையெல்லாம் அடகுக்கடையில் கொடுத்துவிட்டு நகையோடு வங்கி வாசலில் நிற்கக் கூடாது.

மூன்று வட்டிக்குக் கொடுத்தவரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நீங்கள் எழுதிக் கொடுத்த புரோநோட்டைத் திரும்ப வாங்காமல் வராதீர்கள். வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அதையும் வாங்குங்கள்.

இதில் ஆபத்து ஒன்று உண்டு. கார்டு காலியானதும் 'இப்போது இடம் இருக்கிறது' என்று மறுபடி தேய்த்துவிட்டால் நகைக்கடனும் இருக்கும், கார்டு கடனும் இருக்கும். நான் பார்த்தவரை பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். அது ஊதாரித்தனத்தால் இல்லை. உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த 62,000 எப்படி ஏறியது என்று எழுதியிருந்தீர்கள்: ஜூனில் பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணி, சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு மொய், வண்டி இன்சூரன்ஸ். இதில் எது எதிர்பாராத செலவு? ஜூன் வருடா வருடம் வருகிறது. தீபாவளி தேதி ஒரு வருடம் முன்பே காலண்டரில் இருக்கிறது. மாத நோட்டில் இவற்றுக்கு இடமே இல்லாததால்தான் ஒவ்வொன்றும் கடனாக மாறியிருக்கிறது. நோட்டை நீங்கள் மூன்றாவது வாரத்தில் விட்டதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தினமும் எழுதிய கறிவேப்பிலைக் கணக்கு சரியாக இருந்தும் பணம் போதவில்லை என்றால் யாருக்குத்தான் எழுதத் தோன்றும்?

எங்கள் அம்மா சித்திரை பிறந்ததும் மொய் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். நம் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள், அவர்கள் வீட்டில் இந்த வருடம் காதுகுத்தா, கல்யாணமா, புதுமனைப் புகுவிழாவா என்று பென்சிலால் குறித்து, கடைசிப் பக்கத்தில் ஒரு கூட்டுத்தொகை போடுவார். மொய்யும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தான். உங்கள் மாமியாரிடம் அந்த நோட்டு இருக்கும், கேட்டுப் பாருங்கள். பள்ளிக் கட்டணம், தீபாவளி, பொங்கல், மொய், வண்டி எல்லாம் நீங்கள் எழுதியபடி கூட்டினால் வருடத்துக்கு 48,000 வருகிறது. மாதம் 4,000. இதற்கென்று ஏ.டி.எம். கார்டு இல்லாத ஒரு தனி சேமிப்புக் கணக்கு வையுங்கள். சம்பளம் வந்த மறுநாளே அந்தப் பணம் அங்கே போய்விட வேண்டும்.

அந்த 4,000-க்கு வழி இருக்கிறது. வட்டியில் மிச்சமாகும் பணத்தில் 2,000. நகைக்கடைச் சீட்டு நாலு மாதத்தில் முடிகிறது, நடுவில் விட்டால் சலுகை போய்விடும் என்பதால் முடித்துவிடுங்கள். புதிய சீட்டில் சேராதீர்கள், அந்த 2,000-மும் இங்கே வரட்டும். கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டே நகை சேர்ப்பது உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

கார்டு, அடகுக்கடை, தெரிந்தவர் மூன்றுக்கும் இப்போது கட்டும் 6,400-ல் அந்த 2,000 போக, மீதி மாதம் 4,400 நகைக்கடனுக்கு. 20 மாதத்தில் பர்சனல் லோன் முடிந்ததும் அந்த 5,400-ஐயும் சேர்த்து 9,800 கட்டுங்கள். 10 சதவீத வட்டிக்கு 40 மாதத்தில் எல்லாம் முடிகிறது. நகைக்கடனை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிவரலாம், அதற்குத் தயாராக இருங்கள். மூன்று வருடம் நாலு மாதம் என்பது நீண்ட காலம்தான், மறுக்கவில்லை. ஆனால் இப்போது போகிற வழியில் அதற்கு முடிவே இல்லை.

கேள்வி: வாஷிங் மெஷின் பழுதாகிவிட்டது. 24,000 ரூபாய் மெஷினை 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.'யில் ஆறு மாதத் தவணைக்குத் தருகிறார்கள். வட்டியே இல்லையென்றால் வாங்கலாம்தானே? (தாம்பரம் வாசகர்)

பதில்: வட்டி இருக்கிறது, அதை உங்களுக்கு வர வேண்டிய தள்ளுபடியில் கழித்துவிடுகிறார்கள். கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முழுத் தொகையும் இப்போதே கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" 1,500 குறைப்பேன் என்றால் அந்த 1,500-தான் உங்கள் வட்டி. கார்டு தவணையில் பிராசசிங் கட்டணமும், வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் ஸ்டேட்மெண்டில் தனியாக வரும். தொகை பெரிதில்லை, ஆனால் 'நோ காஸ்ட்' என்ற பெயருக்கு அது பொருந்தாது. துவைக்க மெஷின் அவசியம், வேறு தவணை எதுவும் ஓடவில்லை என்றால் வாங்குங்கள். ஏற்கெனவே போன் தவணை ஒன்று ஓடுகிறதென்றால், பழைய மெஷினில் போனது என்ன என்று மெக்கானிக்கை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு நிதி நிறுவனத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு 12 சதவீதம், வங்கியில் 14 சதவீதம் என்கிறார்கள். மூன்று வருடக் கடன். நிதி நிறுவனம்தானே லாபம்? (ஈரோடு வாசகர்)

பதில்: நிதி நிறுவனம் சொன்ன தவணை 3,778 என்று எழுதியிருக்கிறீர்கள். 36 மாதத்துக்கு 1,36,000 ஆகிறது. அதாவது வட்டி 36,000. இது ஃபிளாட் வட்டி. இரண்டு வருடம் கழிந்து அசலில் பெரும்பகுதியைக் கட்டிய பிறகும் முழு ஒரு லட்சத்துக்கே வட்டி போடுகிறார்கள். வங்கியின் 14 சதவீதம் குறையும் அசலுக்குக் குறையும் வட்டி. தவணை 3,418, மொத்த வட்டி சுமார் 23,000. பெரிய எண்ணாகத் தெரிகிற 14, சின்ன எண்ணாகத் தெரிகிற 12-ஐவிட 13,000 ரூபாய் மலிவு. அந்த ஃபிளாட் 12-ஐ வங்கி கணக்கிடும் முறைக்கு மாற்றினால் 21 சதவீதத்தைத் தாண்டும்.

2024 அக்டோபர் முதல், தனிநபர் கடன் தரும் வங்கியும் நிதி நிறுவனமும் கடனின் முக்கிய விவரங்களை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையும் சேர்த்த வருடாந்திர வட்டி விகிதம் அதில் இருக்கும். உங்களுக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும், தமிழில் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் இரண்டு இடத்துத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தர மாட்டோம் என்று இழுப்பவர்களிடம் கடன் வாங்க வேண்டாம்.

கேள்வி: கார்டில் 85,000 பாக்கி. வசூல் ஏஜெண்ட் 40,000 கட்டினால் முடித்துவிடலாம் என்கிறார். தன் நம்பருக்கே அனுப்பச் சொல்கிறார். இரவு ஒன்பது மணிக்கும் போன் வருகிறது. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: அவர் நம்பருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வங்கியிலிருந்து எழுத்தில் கடிதம் வரட்டும். இத்தனை ரூபாயில் கணக்கு முடிகிறது, மேற்கொண்டு பாக்கி இல்லை என்று அதில் இருக்க வேண்டும். பணம் நேராக கார்டு கணக்குக்குத்தான் போக வேண்டும். இப்படிக் குறைத்து முடித்தால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகும். முழுதாகக் கட்டினால் வரும் 'குளோஸ்டு' வேறு. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அது இடிக்கும். அதனால் பாக்கியைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றித் தர முடியுமா என்று வங்கியிடம் முதலில் கேளுங்கள். வருமானமே நின்றுபோன நிலை என்றால் செட்டில்மெண்டில் தவறில்லை, வெட்கப்படவும் வேண்டாம்.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. அழைப்பு வந்த நேரங்கள் தெரியும்படி போன் திரையைப் படம் பிடித்து, வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. எப்படிப் புகார் செய்வது என்று 14448-ல் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.