தொப்புளுக்குப் பக்கத்தில் தடவிப் பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. இன்சுலின் நான்தான் போடுகிறேன். அளவை மாற்றவில்லை, ஆனாலும் சுகர் ஒரு நாள் 260, மறுநாள் 90. ஏன் சிஸ்டர்?
- வாசகி, தேனி

பதில்: முதலில் ஊசி போடும் இடத்தைத் தடவிப் பாருங்கள். மெத்தென்று வீக்கம் தட்டுப்படுகிறதா? ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டுவிடும். வலி தெரியாததால் அம்மாவும் அந்த இடத்தையேதான் காட்டுவார். வார்டில் இதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! மருந்து அங்கிருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேராது.

இனி தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் நகர்த்திப் போடுங்கள். அதற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நல்ல இடத்தில் மருந்து முழுசாக ஏறும். அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

அப்புறம், சிரிஞ்சு மூடி என்ன நிறம்? ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று போட்ட குப்பிக்குச் சிவப்பு, 100 யூனிட் என்றால் ஆரஞ்சு. மாறினால் மருந்தின் அளவில் இரண்டரை மடங்கு வித்தியாசம். ஒரு ராத்திரி டூட்டியில் நானே மாற்றி எடுத்தேன். கூட இருந்தவள் கையைப் பிடித்தாள்.

சுகர் 70க்குக் கீழே போய், அம்மா நினைவோடு இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.