ஊசிக்கு முன் நெஞ்சுப் படம் எதற்கு?

கேள்வி: என் வீட்டுக்காரர் தோட்டத்தில் கவ்வாத்து வேலை செய்கிறவர், வயது 44. முழங்கையிலும் முழங்காலிலும் வெகுகாலமாகச் சொரியாசிஸ். டவுனில் ஒருவர் பெயர் எழுதாத கடதாசிப் பையில் கொடுத்த குளிசையால் நன்றாக இறங்கியது. காசில்லாமல் அதை நிறுத்தினோம். சில நாளில் உடம்பெல்லாம் சிவந்து, சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளம், காய்ச்சல், நடுக்கம். இப்போது கண்டியில் வார்டில் இருக்கிறார். இன்ஃப்ளிக்சிமாப் என்ற உயிரியல் மருந்து ஏற்றலாம் என்கிறார்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்றும் கேட்டார்கள். மாமியாருக்கு இருந்தது. லயத்தில் பேச்சு வரும், வாயைத் திறக்காதே என்கிறார் அவர். தோல் வருத்தத்துக்கு நெஞ்சு நோயை ஏன் தோண்டுகிறார்கள்? பிள்ளைகளை வார்டுக்குக் கூட்டிப் போகலாமா?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: சொல்லிவிடுங்கள் தங்கச்சி, இன்றைக்கே. டொக்டரிடம் தனியாகச் சொன்னாலும் போதும், லயத்துக்குத் தெரிய வேண்டியதில்லை.

காசநோய்க் கிருமி இருமலோ சளியோ காட்டாமல் நெஞ்சுக்குள் வருடக்கணக்கில் ஒடுங்கிக் கிடக்கும். உடம்பு அதைச் சுற்றிக் கட்டுப் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கட்டுக் கலையாமல் இருக்க டி.என்.எஃப். என்ற புரதம் வேண்டும். இன்ஃப்ளிக்சிமாப் முடக்குவது அதே புரதத்தைத்தான். தோல் ஆறும், நெஞ்சில் கிருமி அவிழ்ந்துகொள்ளும். அதனால்தான் நெஞ்சுப் படமும், கையில் குத்திப் பார்க்கும் மாண்டு பரிசோதனையும். குத்திய இடத்தை 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் பார்க்க வேண்டும். பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியாலும் அது தடிக்கலாம் என்பதால் சில வேளை இரத்தமும் எடுப்பார்கள். கிருமி ஒளிந்திருந்தால் அதற்குக் குளிசை தொடங்கி, வழமையாக ஒரு மாதமாவது விட்டுத்தான் இந்த மருந்தை ஏற்றுவார்கள். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் கணக்கு மாறும், அதை வார்டில் முடிவெடுப்பார்கள்.

இனி அந்தக் கடதாசிப் பை. அது ஸ்டீரொய்ட் குளிசையாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். சொரியாசிஸ்காரர் அதைத் திடீரென நிறுத்தினால் இப்படிச் சீழ்க் கொப்புளமாக வெடிப்பது நாங்கள் நன்றாக அறிந்த விஷயம். மிச்சக் குளிசை இருந்தால் எறியாமல் டொக்டரிடம் காட்டுங்கள். பெயர் எழுதாத மருந்தை விற்பவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை இங்கே எழுதினால் பக்கம் போதாது.

இன்ஃப்ளிக்சிமாப் ஒரே ஊசியோடு முடிகிற காரியமல்ல. உடல் நிறையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் சேலைனோடு ஏற்றுவார்கள். இரண்டாவது இரண்டு கிழமையில், மூன்றாவது ஆறாவது கிழமையில், பிறகு எட்டுக் கிழமைக்கு ஒரு தடவை. அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போனாலும் கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். இந்தச் சீழ்க் கொப்புளச் சொரியாசிஸுக்கென்றே வந்த ஸ்பெசொலிமாப் என்ற மருந்தும் உண்டு, 2022 செப்டெம்பரில் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். 53 பேரை வைத்துச் செய்த ஆய்வில், மருந்து ஏற்றியவர்களில் 54 வீதமானோருக்கு ஒரே கிழமையில் கண்ணுக்குத் தெரியும் கொப்புளமே இல்லை. வெறும் திரவம் ஏற்றியவர்களில் அது 6 வீதம்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு கவ்வாத்துக் கத்தி பட்ட சின்னக் காயத்தையும் அசட்டை செய்யக்கூடாது. காய்ச்சலோ விடாத இருமலோ வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். அந்தச் சீழில் கிருமி இல்லை, வெள்ளை இரத்த அணுக்கள்தான், யாருக்கும் ஒட்டாது. பிள்ளைகளுக்குத் தடிமன், காய்ச்சல் என்றால் மட்டும் வீட்டில் விட்டுப் போங்கள். தொற்றுவது அவர்களிடமிருந்து அவருக்குத்தான்.