குடித்த இரவு ஏன் ஞாபகத்தில் இல்லை? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்ர மகனுக்கு 17 வயது, உயர்தரம் படிக்கிறான். தவணைச் சோதினை முடிஞ்ச அண்டு சினேகிதப் பெடியளோட போட்டு இரவு 11 மணிக்கு வந்தவன். வெறி எண்டு விளங்கினது. ஆனால் தானாகத்தான் நடந்து வந்தவன், என்னோட கதைச்சவன், குந்தியிருந்து புட்டும் சாப்பிட்டவன். விடியக் கேட்டால் வீட்டுக்கு வந்ததே ஞாபகமில்லை எண்டுறான். பொய் சொல்லுறானோ?
*– ஒரு தாய், கோண்டாவில்*

பதில்: பொய் என்று முடிவெடுத்துவிடாதீர்கள் அம்மா. அவன் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அதனால்தான் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

மூளையின் இரு பக்கங்களிலும், காதுக்கு நேரே உள்ளே, ஹிப்போகம்பஸ் என்றொரு சிறு பகுதி இருக்கிறது. கடற்குதிரை போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர். இப்போது நடப்பதை நாளைக்கும் எடுக்கக்கூடியதாகப் பதிந்து வைப்பது அதன் வேலை. இரத்தத்தில் மதுசாரம் சடுதியாக ஏறினால் அங்குள்ள நரம்புக் கலங்களால் புதிய பதிவை உண்டாக்க முடியாமல் போகிறது. சில நிமிடம் மட்டும் நிற்கும் குறுங்கால நினைவு அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கொண்டுதான் அவன் உங்களுக்கு மறுமொழி சொன்னான், புட்டுக்குக் குழம்பு கேட்டான். அந்தக் கதை எதுவும் உள்ளே போய்ச் சேரவில்லை. மறந்துபோனதென்றால் யோசித்து எடுக்கலாம். இங்கே யோசித்து எடுக்க ஒன்றும் இல்லை.

இதில் இரண்டு வகை உண்டு. துண்டு துண்டாக விடுபடுவது ஒன்று: "நீ கேற்றடியில சைக்கிளை விழுத்தினியே" என்று எடுத்துக்கொடுத்தால் கொஞ்சம் திரும்பி வரும். மற்றது, சில மணித்தியாலங்கள் அப்படியே இல்லாமல் போவது. அது ஒருபோதும் திரும்பி வராது. ஆகவே துருவித் துருவிக் கேட்பதில் பலனில்லை. சினேகிதர் சொன்னதை வைத்து அவனே ஒரு கதையைக் கட்டி, அதையே உண்மையென்று நம்பவும் தொடங்கலாம்.

எவ்வளவு குடித்தால் இப்படி வரும்? 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் சேரும் அளவுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் குடிப்பதை மிதமிஞ்சிய குடி என்று மருத்துவத்தில் வரையறுக்கிறார்கள். அதன் இரு மடங்கான 160ஐ நெருங்கும்போது நினைவு முழுதாக விடுபடும் ஆபத்து மிக அதிகம். வெறும் வயிற்றில் மளமளவென்று குடித்தால் அதற்கு முன்பே வரலாம்.

கணக்கைப் பாருங்கள். 33.5 சதவீதச் சாராயம் 180 மில்லிலீற்றரில், அதாவது கால் போத்தலில், ஏறக்குறைய 48 கிராம் சுத்த மதுசாரம் இருக்கிறது. 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் 500 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் 35 கிராம். 55 கிலோ நிறையுள்ள பெடியன் இரண்டையும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்தால் 200 மில்லிகிராமைத் தாண்டிவிடுவான். "கால் போத்தலும் ஒரு பியரும்தானே" என்று சொல்லுகிற அளவு அது. உடம்பில் நீர்ப்பங்கு குறைவென்பதால் பெண்பிள்ளைகளுக்கு இதே அளவில் இன்னும் கூட ஏறும்.

ஈரல் இதை மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் வீதம்தான் குறைக்கும். கோப்பியோ முழுக்கோ தேசிக்காய்த் தண்ணியோ அந்த வேகத்தைக் கூட்டாது. இரவு 11 மணிக்கு 200 இருந்தவனுக்கு விடிய 8 மணி ரியூசனில் இன்னும் 65 இருக்கும். அவனை அன்று மோட்டார் சைக்கிளில் அனுப்பக் கூடாது.

இன்னொன்றை இன்றைக்கே பாருங்கள். தலைமுடியை விலக்கி, உச்சி, பிடரி, காதுக்குப் பின்பக்கமெல்லாம் விரலால் மெல்லத் தடவுங்கள். வீக்கமோ நோவோ இருந்தால், அல்லது குடிக்கத் தொடங்குவதற்கு முன் நடந்ததும் ஞாபகமில்லையென்றால், விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம். தலையிடி கூடிக்கொண்டு போனாலோ திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தாலோ வெறி முறியட்டும் என்று காத்திராமல் உடனே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கதைப்பதற்கு அடுத்த நாள் பின்னேரம் நல்லது, சாப்பிட்ட பிறகு, தனியாக. என்ன குடித்தான், எவ்வளவு, எத்தனை மணித்தியாலத்தில், முதலில் ஏதும் சாப்பிட்டானா, யார் கொண்டுவந்து விட்டது என்று கேளுங்கள். போத்தலை யார் வாங்கினது என்றும் கேளுங்கள். 21 வயதுக்குட்பட்டவருக்கு மதுசாரம் விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். இப்படி நினைவு விடுபட்டது இதுதான் முதல் தடவையா என்பது எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி.

கேள்வி: வயது 18. மாதத்தில் ஒன்றிரண்டு சனிக்கிழமைதான். மற்றவங்கள் சத்தி எடுத்து விழுந்து படுப்பாங்கள், நான் கடைசிவரை நிதானமாக நிற்பேன். எனக்கு ஏதும் பாதிப்பு வருமா?
*– பெயர் வேண்டாம், நல்லூர்*

பதில்: தம்பி, நீர் பெருமையாகச் சொல்லும் அந்த நிதானம்தான் எங்களுக்குக் கவலை. உறக்கமும் தள்ளாட்டமும் "போதும்" என்று உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. பருவ வயது விலங்குகளில் செய்த ஆய்வுகளில், வளர்ந்தவற்றைவிட அவை மதுசாரத்தால் குறைவாகவே தூங்கின. ஆனால் நினைவுப் பதிவு கூடுதலாகக் கெட்டது. கால் தடுமாறாத நேரத்திலேயே ஹிப்போகம்பஸ் வேலையை நிறுத்தியிருக்கலாம் என்பதே இதன் பொருள்.

மாதத்தில் எத்தனை நாள் என்பதைவிட ஒரே இருப்பில் எவ்வளவு என்பது பெரிய விஷயம். இரண்டு சனிக்கிழமைகளில் இறங்குவதை அந்த மாதம் முழுவதற்கும் பங்கிட்டுப் பார்த்துச் சமாதானம் அடையாதீர். திட்டமிடுவதற்கும் தன்னைக் கட்டுப்படுத்துவதற்குமான முன்மூளை 20களின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 12 முதல் 21 வயது வரையான 800க்கு மேற்பட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து மூளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அளவுக்கு மிஞ்சிக் குடிக்கத் தொடங்கியவர்களுக்கு முன்மூளையின் சாம்பல் நிறப் பகுதி மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்தது.

படிப்புக்கு வருவோம். படித்தது நித்திரையில்தான் உறுதிப்படுகிறது. குடித்துவிட்டுப் படுத்தால் முன்னிரவு அடித்துப்போட்டது போல நித்திரை வரும். பின்னிரவு துண்டு துண்டாகும், கனவு நித்திரை குறையும். சனிக்கிழமை பகல் செய்த இரசாயனவியல் கணக்குகள் ஞாயிறு புதிதாகத் தெரிந்தால் காரணம் அங்கே இருக்கலாம். இன்னொன்றையும் கவனித்துப் பாரும்: செய்ய நினைத்ததைச் செய்ய மறப்பது. கொப்பியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அம்மாவுக்குக் கோல் எடுக்க வேண்டும் என்று நினைத்து விடுபடுவது கூடினால் அதை அலட்சியப்படுத்த வேண்டாம்.

கேள்வி: கள்ளு இயற்கையான குடிவகைதானே, பெடியளுக்கு அது பரவாயில்லையா?
*– ஒரு வாசகர், சாவகச்சேரி*

பதில்: இல்லை. மரத்தால் இறக்கின நேரத்திலிருந்து அது புளித்துக்கொண்டே இருக்கும். காலையில் குடித்த ஒரு பிளாவும் (ஓலையில் மடித்த குடிகலம்) பின்னேரம் குடித்த ஒரு பிளாவும் ஒன்றல்ல. 5 சதவீதம் என்று வைத்தாலும் 750 மில்லிலீற்றர் போத்தலில் 30 கிராம் மதுசாரம் இருக்கிறது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி இறக்கும் கருப்பணி வேறு. அது புளிக்காது, பிள்ளைகள் குடிக்கலாம்.

கேள்வி: விளையாட்டுப் போட்டி முடிந்த இரவு ஒரு மாணவன் குடித்து நினைவில்லாமல் கிடந்தான். முகத்தில் தண்ணி அடித்து, மோர் பருக்கப் பார்த்தார்கள். சரியா?
*– ஓர் ஆசிரியர், பருத்தித்துறை*

பதில்: மிகவும் ஆபத்து. விழுங்கும் அனிச்சை மங்கியிருக்கும்போது மோரோ கோப்பியோ சுவாசக்குழாய்க்குள் போகும். விரல் விட்டுச் சத்தி எடுக்கவைப்பதும் அப்படித்தான். பச்சைத்தண்ணி ஊற்றினால் ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கும் உடற்சூடு இன்னும் இறங்கும்.

ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். மேற்புறக் காலை முழங்காலில் மடித்து முன்னால் வைத்தால் உடம்பு உருளாது. மேற்கையைக் கன்னத்துக்குக் கீழே கொடுத்து, நாடியைச் சற்று உயர்த்தி, வாய் நிலத்தை நோக்கி இருக்கச் செய்யுங்கள். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 8க்குக் குறைவாக இருந்தால், இரண்டு மூச்சுக்கிடையில் 10 செக்கனுக்கு மேல் இடைவெளி விட்டால், உதடு நீலம் பாரித்தால், கிள்ளியும் எழும்பாவிட்டால், வலிப்பு வந்தால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். "படுத்திட்டான், இனி முறிஞ்சிடும்" என்று விட்டுவிட்டுப் போகவே கூடாது. வயிற்றில் மிச்சம் இருப்பது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். இள வயதினருக்கு இரத்தச் சீனியும் இறங்கும். வெறி என்று நினைப்பது அதுவாகவும் இருக்கலாம்.

கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்பு குடித்தவனென்றால் அடுத்த நாளும் கவனம். மெதனோல் என்ற நச்சு மதுசாரம் கலந்திருந்தால் 12 முதல் 24 மணித்தியாலம் கழித்துத்தான் கண் மங்கி, பனிமூட்டம் போலத் தெரியும், வயிறு நோகும், மூச்சு வாங்கும். மிச்சப் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கேள்வி: மகன் குடிப்பதை விட்டு இரண்டு கிழமை. இழந்த ஞாபகசக்தி திரும்புமா? வல்லாரையும் ஞாபகசக்தி ரொனிக்கும் கொடுக்கிறோம்.
*– ஒரு தந்தை, மானிப்பாய்*

பதில்: விட்டதுதான் பெரிய காரியம் ஐயா, அதற்காக அவனைப் பாராட்டுங்கள். நித்திரையும் கவனமும் சில கிழமைகளில் தெளியத் தொடங்கும். நினைவு மெல்லத்தான் வரும். கலிபோர்னியாவின் சான் டியேகோவில் செய்து 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில், குடிக்கு அடிமையாகியிருந்த 15, 16 வயதுப் பிள்ளைகள் மூன்று கிழமை குடிக்காமல் இருந்த பிறகும், சற்று முன் படித்ததை நினைவுகூர்வதில் மற்றவர்களைவிட ஏறக்குறைய 10 சதவீதம் பின்தங்கினார்கள். ஆகவே இரண்டு கிழமையில் புள்ளி ஏறவில்லையே என்று ஏசாதீர்கள். மாதக் கணக்கில் பாருங்கள்.

அதுவரை படிப்பைச் சிறு துண்டுகளாக்குங்கள். 25 நிமிடம் படித்து, கொப்பியை மூடிவைத்து, ஞாபகத்திலிருந்து எழுதட்டும். அதே பகுதியை அடுத்த நாளும், மூன்றாம் நாளும், ஒரு கிழமை கழித்தும் எழுதிப் பார்க்கட்டும். கை நடுங்கினாலோ, விடிய எழும்பியதும் குடிக்க வேண்டும்போல இருந்தாலோ வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கும் அழைக்கலாம்.

வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் குடியால் கெட்ட நினைவை அது திருத்தாது. ரொனிக்கை நிறுத்துங்கள். அந்தக் காசுக்கு மீனும் முட்டையும் வாங்கிக் கொடுங்கள், இரவு 10 மணிக்குப் படுக்கவிட்டு 8 மணித்தியாலம் எழுப்பாதீர்கள்.